ஜாங்கோவும் மாங்கோவும்: வாசகர் கேள்வி–பதில்

பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் மாங்கோடிபி, ரெடிஸ் போன்ற, டேபிள் இல்லாத டேட்டாபேஸ்களை வைத்துக்கொள்வது பற்றி இம்முறை நிறையக் கேள்விகள். பழைய வட ஆர்க்காடு வட்டாரத்திலிருந்து வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஷூ ஏற்றுமதி செய்யும் எங்கள் நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்க ஜாங்கோவில் ஒரு புரோகிராம் ஓடுகிறது, பின்னால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். ஒவ்வொரு பையரும் ஒவ்வொரு தினுசாக ஸ்பெக் அனுப்புகிறார். ஒருவருக்கு அப்பர், லைனிங், சோல் போதும். சேஃப்டி ஷூ வாங்குகிறவருக்கு டோ கேப், மிட்சோல் என்று பட்டியல் நீளும். புது பையர் வந்தால் புது ஃபீல்டு, புது மைக்ரேஷன் (டேபிளின் அமைப்பை மாற்றும் ஃபைல்). டேபிளில் முக்கால்வாசி ஃபீல்டு காலியாகவே கிடக்கிறது. என் அக்கா மகன் மாங்கோடிபிக்கு மாறச் சொல்கிறான். மாறலாமா?
— வாசகர், ஆம்பூர்

மாற வேண்டாம். உங்கள் நோய் சரி, அக்கா மகன் சொல்லும் மருந்துதான் அதிகப்படி. 2020 ஆகஸ்டில் வந்த ஜாங்கோ 3.1 முதல் ஜேசன்ஃபீல்டு (பெயரும் மதிப்புமாக எதையும் அடுக்கி வைக்கும் ஃபீல்டு) என்பது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, ஆரக்கிள், எஸ்க்யூலைட் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. ஆர்டர் டேபிளில் 'ஸ்பெக்' என்று ஒரே ஒரு ஜேசன்ஃபீல்டு போதும்.

எதை வெளியே வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆர்டர் எண், பையர், ஆர்ட்டிக்கிள் எண், ஜோடிக் கணக்கு, விலை, கப்பல் தேதி: இவற்றின்மேல் தினமும் தேடுவீர்கள், கூட்டுவீர்கள், இவை காலியாக இருக்கவும் கூடாது. இவை தனி ஃபீல்டாகவே இருக்கட்டும். லைனிங் என்ன, நூல் என்ன நிறம், டோ கேப் உண்டா என்பதெல்லாம் ஸ்பெக்குக்குள் போகலாம்.

உள்ளே போட்டபின் கவனிக்க வேண்டியவை சில. சைஸை ஒரு இடத்தில் 8 என்று எண்ணாகவும் இன்னொரு இடத்தில் மேற்கோளுக்குள் எழுத்தாகவும் போட்டால், ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது. டெசிமல் இன்னும் மோசம். ஒரு ஜோடிக்கு 9.75 சதுர அடி தோல் என்பதை பைத்தான் டெசிமலாகக் கொடுத்தால் சாதாரண ஜேசன் ஏற்காது. ஜாங்கோவின் என்கோடரைச் சேர்த்தால் ஏற்கும், ஆனால் எழுத்தாக மாற்றிச் சேமிக்கும். அப்புறம் வரிசைப்படுத்தினால் 10.5 முன்னால் வரும், 9.75 பின்னால் போகும். ஏனென்றால் 1 என்ற எழுத்து 9-க்கு முந்தியது. நூறால் பெருக்கி 975 என்று முழு எண்ணாக வையுங்கள், காட்டும்போது வகுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்க்ளூடு போடும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'லைனிங் துணியாக இருப்பவை தவிர மற்றவை' என்று கேட்டால், லைனிங் என்ற கீயே (பெயரே) இல்லாத ஆர்டர்களும் வரும் என்று நினைப்போம். வராமல் போகலாம். கீ இருக்கிறதா என்று பார்க்கும் ஹேஸ்கீ அல்லது இஸ்நல் நிபந்தனையை கூடவே சேர்த்தால்தான் கணக்கு நேராகும். ஃபீல்டின் டீஃபால்ட்டாக வெறும் அடைப்புக்குறி போடாமல் 'டிக்ட்' என்ற பெயரையே கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அகராதி பல ரெக்கார்டுகளுக்குப் பொதுவாகிவிடும். ஜாங்கோவே இதற்கு எச்சரிக்கை காட்டும், அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

வேகத்துக்கு: ஜாங்கோ 5.0-க்கு மேல் இருந்தால், அடிக்கடி தேடும் ஒன்றிரண்டு கீகளை மட்டும் ஜெனரேட்டட்ஃபீல்டாக வெளியே எடுத்து அதன்மேல் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடலாம். மதிப்பை டேட்டாபேஸே ஜேசனிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜின் இண்டெக்ஸ் உண்டு. ஆனால் அது 'கன்டெய்ன்ஸ்' தேடலுக்குத்தான் உதவும். ஸ்பெக், இரட்டை அண்டர்ஸ்கோர், லைனிங் என்று கீயின் பெயரை நேரடியாக எழுதித் தேடினால் அந்த இண்டெக்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கும். 'ஜின் போட்டும் வேகம் வரவில்லை' என்று வரும் புகாருக்கு இதுவே வழக்கமான காரணம். (கன்டெய்ன்ஸ் தேடல் எஸ்க்யூலைட்டிலும் ஆரக்கிளிலும் இல்லை. லேப்டாப்பில் எஸ்க்யூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ளவும்.)

மாற்றும் முறை: முதலில் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை 'சிங்கிள்-டிரான்ஸாக்ஷன்' ஆப்ஷனோடு ஓட்டி பேக்கப். அடுத்து ஸ்பெக் ஃபீல்டைச் சேர்க்க ஒரு மைக்ரேஷன். பழைய ஃபீல்டுகளில் காலியாக இல்லாதவற்றை மட்டும் 500 ரெக்கார்டாக எடுத்து பல்க்அப்டேட் செய்ய, ரன்பைத்தான் வைத்து இன்னொரு மைக்ரேஷன். ஒரு மாதம் ஓடவிட்டு, பழைய ஃபீல்டுகளை நீக்க மூன்றாவது. மூன்றையும் ஒரே ஃபைலில் போடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள் ரோல்பேக் ஆகாது. நடுவில் எரர் வந்தால் பாதி மாறிய டேபிளோடு நிற்பீர்கள்.

ஜாங்கோ இத்தனை வருடமாக இருக்கிறது. அதன் மூலத்திலேயே மாங்கோடிபி ஆதரவு ஏன் சேர்க்கப்படவில்லை? யாரும் முயற்சி செய்யவில்லையா?
— கல்லூரி மாணவி, காட்பாடி

முயற்சி நடந்தது. 2010 மே மாதம் வந்த ஜாங்கோ 1.2-இல்தான் ஒரே புராஜெக்டில் பல டேட்டாபேஸ் என்ற வசதி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்தில் அதைச் செய்தவர் அலெக்ஸ் கெய்னர். 2010-இல் அவரே, அதே திட்டத்தின்கீழ், எஸ்க்யூஎல் (டேபிள் டேட்டாபேஸின் மொழி) இல்லாத டேட்டாபேஸ்களுக்கும் ஓஆர்எம் (ஜாங்கோவில் டேட்டாபேஸோடு பேசும் பகுதி) பேசும்படி குவெரி பகுதியைத் திருத்தி எழுத முயன்றார். அது மூலத்தில் சேரவில்லை. அதே காலத்தில் ஜாங்கோ-நான்ரெல் என்ற ஃபோர்க்கும் (மூலத்தை நகலெடுத்துத் தனியே வளர்த்த பதிப்பு) வந்தது. கூகுள் ஆப் எஞ்சினுக்கும் மாங்கோடிபிக்கும் பேக்எண்ட் (ஜாங்கோவை ஒரு டேட்டாபேஸோடு இணைக்கும் பகுதி) வைத்திருந்தது. ஃபோர்க் என்றால் ஜாங்கோவின் ஒவ்வொரு புது வெளியீட்டையும் கையால் இழுத்து ஒட்ட வேண்டும். செக்யூரிட்டி திருத்தம் வந்தால் அதையும். கொஞ்ச நாளில் ஃபோர்க் பின்தங்கிவிட்டது.

தடை எங்கே என்பதைப் பாருங்கள். நீங்கள் ஃபில்டர் என்று எழுதினால் ஜாங்கோ அதை முதலில் குவெரி என்ற ஆப்ஜெக்டாக வைத்துக்கொள்ளும். நிபந்தனைகள் ஒரு மரம்போல அதில் இருக்கும். பிறகு கம்பைலர் அந்த மரத்தில் இறங்கி, ஒவ்வொரு கணுவிடமும் 'உன் எஸ்க்யூஎல்லைக் கொடு' என்று கேட்கும். ஆக, எஸ்க்யூஎல் என்பது கடைசியில் பூசிய வண்ணம் இல்லை. எந்த டேபிளை எதோடு ஜாயின் செய்வது (இணைத்துப் படிப்பது), அதற்கு என்ன புனைபெயர் என்பதெல்லாம் கம்பைலருக்கு வருமுன்பே குவெரிக்குள் முடிவாகிவிடுகிறது. மாங்கோடிபிக்கு 2015-இல் வந்த 3.2 பதிப்பு வரை சர்வரிலேயே ஜாயின் செய்ய 'லுக்அப்' கட்டளைகூடக் கிடையாது.

அதோடு அட்மின், அதாவது ஜாங்கோ தானே தரும் நிர்வாகப் பக்கம். ஜாங்கோவை எடுப்பவர்களில் பாதிப்பேர் அட்மினுக்காகத்தான் எடுக்கிறார்கள். அதன் பர்மிஷன், குரூப் எல்லாம் மெனி-டு-மெனி உறவு. ப்ரைமரி கீ (ரெக்கார்டின் அடையாளம்) எண்தான் என்ற எண்ணம் பல இடங்களில் ஊறியிருக்கிறது. ஜாயின் இல்லாமல் அட்மின் இல்லை, அட்மின் இல்லாமல் ஜாங்கோ எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். இந்த வேலை மூலத்துக்கு வெளியே, தனி பேக்கேஜாக நடப்பதே சரி என்பது எங்கள் கருத்து. இன்று நடப்பதும் அதுதான். அடுத்த பதிலுக்கு அடுத்ததைப் பாருங்கள்.

ஜாங்கோவை மாங்கோவோடு இணைக்கும் ஜோங்கோ பேக்கேஜ் வைத்து செய்த புராஜெக்ட். புது சர்வரில் இன்ஸ்டால் செய்ததும் 'டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்ஸ் டு நாட் இம்ப்ளிமென்ட் ட்ரூத் வேல்யூ டெஸ்டிங்' என்று நின்றுவிடுகிறது. பழைய சர்வரில் நன்றாக ஓடுகிறது.
— வாசகர், ராணிப்பேட்டை

பழைய சர்வரில் பைமாங்கோ (பைத்தானிலிருந்து மாங்கோவோடு பேசும் பேக்கேஜ்) 3, புதியதில் 4. பழைய ஜோங்கோ கோடில் டேட்டாபேஸ் ஆப்ஜெக்டை 'இருக்கிறதா' என்று நேரடியாக இஃப் போட்டுப் பார்க்கும் இடம் உண்டு. பைமாங்கோ 4 அதை அனுமதிப்பதில்லை. பைமாங்கோ 3.12.3-ஐ இன்ஸ்டால் செய்து ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் அந்த எண்ணைப் பூட்டுங்கள், ஓடும்.

ஓடும், ஆனால் அங்கேயே தங்காதீர்கள். ஜோங்கோ செய்வது என்ன தெரியுமா? ஜாங்கோ எழுதிக் கொடுக்கும் எஸ்க்யூஎல் வாக்கியத்தை வாங்கி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்து, மாங்கோ குவெரியாக மொழிபெயர்க்கிறது. எளிய வாக்கியம் என்றால் சரி. சப்குவெரி, கேஸ்-வென் என்று போனால் முழிக்கும். ஜாங்கோ அடுத்த வெளியீட்டில் எஸ்க்யூஎல்லைச் சற்று வேறுவிதமாக எழுதினாலும் உடையும்.

வெளியே வர: டம்ப்டேட்டா கட்டளையில் 'நேச்சுரல்-ஃபாரின்' ஆப்ஷன் சேர்த்து, கன்டென்ட்டைப்ஸையும் ஆத் ஆப்பின் பர்மிஷனையும் விலக்கி, ஜேசன் ஃபைலாக எடுங்கள். போஸ்ட்கிரெஸில் மைக்ரேட் ஓட்டிவிட்டு லோடுடேட்டா. ஜோங்கோ எண் ஐடிகளையே தருவதால் ஃபாரின் கீகள் (ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றைச் சுட்டும் ஐடிகள்) அப்படியே பொருந்தும். விண்டோஸில் செய்கிறீர்கள், பெயர்கள் தமிழில் இருக்கின்றன என்றால் பைத்தானை எக்ஸ்-யூடிஎஃப்8 ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் 'சார்மேப்' எரர் வரும்.

புதிதாகத் தொடங்கும் வேலைக்கு மாங்கோடிபிதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம். இன்று எந்த பேக்கேஜ்? படிப்படியாகச் சொல்லுங்கள்.
— வாசகர், திருப்பத்தூர்

மாங்கோடிபி நிறுவனமே வெளியிடும் 'ஜாங்கோ மாங்கோடிபி பேக்எண்ட்'. 2025 பிப்ரவரியில் முன்னோட்டமாக வந்தது. இது எஸ்க்யூஎல்லை மொழிபெயர்ப்பதில்லை. தனக்கென்று கம்பைலர் வைத்துக்கொண்டு, குவெரி மரத்தின் கணுக்களிடம் நேரடியாக மாங்கோவின் மொழியையே கேட்கிறது.

பதிப்பு எண்ணில் கை வையுங்கள் முதலில். ஜாங்கோ 5.2 என்றால் பேக்எண்டும் 5.2 வரிசை. பிப்பை (பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவி) அதன் போக்கில் விட்டால் ஜாங்கோ மாறி இறங்கிவிட வாய்ப்புண்டு. புராஜெக்டைத் தொடங்கும்போது ஸ்டார்ட்புராஜெக்டுக்கு அவர்கள் தரும் டெம்ப்ளேட் முகவரியைக் கொடுங்கள். அது இரண்டு வேலையை முடித்துத் தரும்: தானாக வரும் ப்ரைமரி கீயை ஆப்ஜெக்ட்ஐடி வகையாக்குவது, அட்மின், ஆத், கன்டென்ட்டைப்ஸ் மூன்றுக்கும் தனி மைக்ரேஷன் ஃபோல்டர் வைப்பது. இந்த மூன்றின் மைக்ரேஷன்களிலும் எண் ஐடி என்று முன்பே எழுதியிருப்பதால், டெம்ப்ளேட் இல்லாமல் தொடங்கியவர்கள் முதல் மைக்ரேட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து யூஆர்எல். ஆப்ஜெக்ட்ஐடி என்பது 12 பைட். எழுதினால் 24 எழுத்து. பழக்க தோஷத்தில் முகவரியில் 'இன்ட்' என்று போட்டால் எல்லாப் பக்கமும் 404 தரும். 'எஸ்டிஆர்' என்று மாற்றுங்கள்.

மாடல்: ஒன்றோடு ஒன்றாகவே வாழ்ந்து, ஒன்றாகவே படிக்கப்படும் விஷயத்தை எம்பெடட்மாடல்ஃபீல்டில் வையுங்கள். பில்லும் அதன் ஐட்டங்களும் அப்படி (ஐட்டங்கள் பல என்பதால் அங்கே எம்பெடட்மாடல்அரேஃபீல்டு). ஆனால் வாடிக்கையாளரையும் அவர் வாழ்நாளில் போட்ட பில்களையும் ஒரே டாக்குமெண்டில் (மாங்கோவின் ரெக்கார்டு) அடைக்காதீர்கள். ஒரு டாக்குமெண்டின் உச்ச வரம்பு 16 எம்பி. அதைத் தொடும் முன்பே, பெரிய டாக்குமெண்டில் சின்ன மாற்றம்கூட மெதுவாகிவிடும். ஃபாரின்கீ வேலை செய்யும், லுக்அப் மூலம். எல்லாவற்றையும் ஃபாரின்கீயாகவே வைத்தால், போஸ்ட்கிரெஸ் செய்வதையே மெதுவாகச் செய்ய மாங்கோவை வாங்கினதாகும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பிடிவாதம் தளர்ந்தாலும் தளரும்.

கடைசியாக, பணம் சம்பந்தப்பட்ட இடம். 'எல்லாம் நடக்கட்டும், இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம்' என்று காக்கும் ஜாங்கோவின் வழக்கமான 'அடாமிக்' இந்த பேக்எண்டில் எதுவும் செய்யாது. எரர்கூடக் காட்டாது! ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் சேர்க்கும் நடுவே மின்சாரம் போனால் கழித்தது கழித்ததுதான். பேக்எண்ட் தனக்கென்று ஒரு அடாமிக் தருகிறது, அதை இம்போர்ட் செய்ய வேண்டும். அதுவும் ரெப்ளிகா செட்டில்தான் (ஒரே டேட்டாவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர் குழு) வேலை செய்யும். ஒரே சர்வர்தான் என்றாலும் கான்ஃபிக் ஃபைலில் ரெப்ளிகா செட்டுக்கு ஒரு பெயர் கொடுத்து, ஷெல்லில் ஆர்எஸ்-இனிஷியேட் ஒருமுறை ஓட்டினால் போதும்.

மாங்கோ டேட்டாபேஸை அட்லஸில் (மாங்கோடிபியின் கிளவுட் சேவை) வைத்திருக்கிறேன். காலையில் ஓடியது, மாலையில் 30 விநாடி காத்திருந்து டைம்அவுட் ஆகிறது. கோடில் எதையும் தொடவில்லை.
— வாசகர், சத்துவாச்சாரி

உங்கள் பிராட்பேண்ட் ஐபி மாறியிருக்கும். அட்லஸின் நெட்வொர்க் அக்சஸ் பட்டியலில் இப்போதைய ஐபியைச் சேருங்கள். எல்லா ஐபிக்கும் திறந்துவிடும் 'பூஜ்ஜியம்' முகவரியை நிரந்தரமாக வைக்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டு மாங்கோடிபி 7 இன்ஸ்டால் செய்தேன். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சொல்லி நின்றுவிடுகிறது.
— வாசகர், குடியாத்தம்

மாங்கோடிபி 5.0 முதல் பிராசசரில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இருந்தே ஆக வேண்டும். பழைய பென்டியம், செலரான் பலவற்றில் அது இல்லை. ப்ராக் ஃபோல்டரிலுள்ள சிபியூஇன்ஃபோ ஃபைலில் ஏவிஎக்ஸ் என்று தேடுங்கள்; இல்லை என்றால் அந்தக் கணினியில் 5.0-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் வழி இல்லை. விர்ச்சுவல் மெஷினில் இதே எரர் வந்தால் மட்டும் நம்பிக்கை உண்டு: சிபியூ வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் அடியிலுள்ள பிராசசரின் ஏவிஎக்ஸ் உள்ளே தெரியும்.

பட்டுப்புடவைக் கடையின் வெப்சைட். செஷனை (வருபவரை நினைவில் வைக்கும் தகவல்) ரெடிஸில் வைத்தோம், நல்ல வேகம். ஆனால் சில நாள் எல்லாருடைய கார்ட்டும் ஒரே நேரத்தில் காலியாகிறது.
— வாசகர், ஆரணி

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்பதுதான் துப்பு. புது கோடு ஏற்றும்போது கேஷைத் துடைக்கும் கட்டளை எங்காவது ஓடுகிறதா பாருங்கள். ஜாங்கோ 4.0-இல் வந்த ரெடிஸ் கேஷில் 'கிளியர்' என்றால் அந்த ரெடிஸ் டேட்டாபேஸ் முழுவதும் போகும்; செஷனும் அதற்குள்தான் இருக்கிறது. ரெடிஸை ரீஸ்டார்ட் செய்தாலும் இப்படி ஆகலாம். சிலருக்கு மட்டும் அவ்வப்போது போகிறது என்றால் அது வேறு: மெமரி நிறைந்து, பழைய கீகளை ரெடிஸ் தானே நீக்குகிறது.

செஷன் எஞ்சினை 'கேஷ்டுடிபி' என்று மாற்றுங்கள். எழுதுவது இரண்டிலும், படிப்பது ரெடிஸில். ரெடிஸில் இல்லை என்றால் டேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளும். கார்ட்டை லாகின் செய்தவர்களுக்காவது தனி மாடலாக வைப்பது இன்னும் நல்லது.

தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பில் 10 மீட்டர்கள், நிமிடத்துக்கு ஒரு ரீடிங். இதற்காவது நோஎஸ்க்யூஎல் (டேபிள் இல்லாத டேட்டாபேஸ்) வேண்டாமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

ஒரு மீட்டருக்கு நாளைக்கு 1,440, பத்துக்கு 14,400, வருடத்துக்கு 52,56,000 ரெக்கார்டு. போஸ்ட்கிரெஸுக்கு இது சுமையே இல்லை. நேரத்தின்மேல் ப்ரின் இண்டெக்ஸ் போடுங்கள். வந்த வரிசையிலேயே எழுதப்படும் டேட்டாவுக்கு அது மிகச் சிறிய இடத்தில் முடிந்துவிடும். மீட்டரும் நேரமும் சேர்ந்து யூனிக் என்று கட்டுப்பாடு வைத்தால், நெட் விட்டு விட்டு வரும்போது ஒரே ரீடிங் இரண்டு தடவை ஏறாது.

மைஎஸ்க்யூஎல், மாங்கோ இரண்டையும் ஒரே புராஜெக்டில் வைக்கலாமா?
— வாசகர், ஆற்காடு

வைக்கலாம். டேட்டாபேஸ் ரவுட்டர் எழுதி, எந்த ஆப் எங்கே என்று பிரியுங்கள். மைக்ரேட்டை ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனியே ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் குறுக்கே ஃபாரின்கீ கிடையாது. ஐடியைச் சாதாரண ஃபீல்டில் வைத்து நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் ரெக்கார்டு அழிந்தால் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது.

வேறொரு டேட்டாபேஸுக்கு நானே பேக்எண்ட் எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?
— மாணவர், வேலூர்

ஜாங்கோ மூலத்தில் டிபி ஃபோல்டருக்குள் பேக்எண்ட்ஸ், அதற்குள் 'டம்மி' என்று ஒன்று இருக்கும். அதுதான் எலும்புக்கூடு. கூடவே எஸ்க்யூலைட்டின் ஃபோல்டரைத் திறந்து பேஸ், ஃபீச்சர்ஸ், ஆபரேஷன்ஸ், ஸ்கீமா, இன்ட்ரோஸ்பெக்ஷன், கிரியேஷன் ஃபைல்களை வரிசையாகப் படியுங்கள். உங்கள் டேட்டாபேஸால் முடியாததையெல்லாம் ஃபீச்சர்ஸில் 'இல்லை' என்று உண்மையாக எழுதுவதுதான் முதல் வேலை. ஜாங்கோவின் டெஸ்ட்கள் அதைப் பார்த்துத்தான் எதை ஓட்டுவது, எதைத் தாண்டுவது என்று முடிவு செய்யும். பிறகு இன்சர்ட் கம்பைலர், அதன்பின் செலக்ட், அதிலும் முதலில் சமம் என்ற ஒரே நிபந்தனை மட்டும். முழு டெஸ்டையும் ஓட்டினால் திரை முழுக்க சிவப்பாகி மனம் விட்டுப்போகும். 'பேசிக்' என்ற டெஸ்ட் ஃபோல்டரை மட்டும் ஓட்டுங்கள். அது பச்சையான பிறகு 'லுக்அப்', பிறகு 'குவெரீஸ்'.